கை கியர் வண்டி

நவம்பர் 4, திங்கள்

டயர் கடைக்காரர் கொடுத்த டைரி பத்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று அதற்கு வேலை வந்திருக்கிறது. பழைய வண்டி ஒன்றைக் கழற்றப் போகிறேன். கழற்றிய வரிசையை எழுதி வைத்தால்தான் திரும்ப மாட்டும்போது கையில் ஒரு வாஷர் மிஞ்சாமல் இருக்கும்.

வெள்ளிப்பாறை எஸ்டேட்டிலிருந்து கிருபாகரன் வந்திருந்தார். எஸ்டேட் அவருடையது அல்ல. அவருடைய பெரியம்மா இந்திராணி அம்மாவுடையது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பிள்ளைகள் இல்லை. கணவர் போய் இருபது வருடம் ஆகிறது. நாலு வருடமாக ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது. கொழுந்தனார் மகன் என்ற முறையில் கிருபாகரன் சேலத்திலிருந்து வந்து பங்களாவிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறார். என் ஒர்க்ஷாப் நிற்கிற ரோட்டோர இடமும் எஸ்டேட் இடம்தான். இருபத்தாறு வருடமாக வாய்ப்பேச்சில் ஓடுகிறது.

"பிலவேந்திரண்ணே, பெரியம்மாவோட பிக்கப்ப ரெடி பண்ணணுங்க. தெனம் காலைல எந்திரிச்ச உடனே ஷெட்டுக்குப் போயி அதுல ஏறி உக்காந்துக்கறாங்க. கியர் நகரலைன்னு அழுகறாங்க. பாக்க முடியல."

நல்ல மனது என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

வண்டியைப் பார்த்தேன். ஐம்பத்து நாலு மாடல் பிக்கப். பச்சை நிறம், அங்கங்கே துரு. இந்தக் காலத்து வண்டி மாதிரி தரையிலிருந்து முளைத்த கியர் இல்லை. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டி, சக்கரத்துக்குக் கீழே இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கோல். நாங்கள் கை கியர் என்போம். நான் வேலை பழகிய காலத்தில் கார்களில் நிறைய உண்டு. பிக்கப்பில் இதுதான் முதல் தடவை.

கோலை அசைத்தால் தண்டுக்குள் ஒரு குழாய் திரும்பும். குழாயின் அடியில் இரண்டு காது. காதுகளிலிருந்து இரண்டு ராடு கியர் பெட்டிக்குப் போகும். ஒன்று முதல் கியருக்கும் ரிவர்சுக்கும். மற்றது இரண்டுக்கும் மூன்றுக்கும். அடியில் குழாயைத் தாங்குகிற புஷ் என்ற வளையம் தேய்ந்தால் குழாய் ஆட ஆரம்பித்து இரண்டு காதையும் ஒரே நேரத்தில் இழுத்துவிடும். பெட்டி இரண்டு கியரில் மாட்டி இறுகிப்போகும். இங்கே நடந்திருப்பது அதுதான்.

ஷெட் தரை சரிவு. வண்டியின் மூக்கு வெளியே பார்க்க நிற்கிறது. முன் சக்கரம் இரண்டுக்கும் கட்டை போட்டிருக்கிறார்கள். வாசலைத் தாண்டி முப்பதடி இறக்கம், ஒரு இரும்பு கேட், அப்புறம் எஸ்டேட் பாதை. பாதை திரும்புகிற இடத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. கீழே பள்ளத்தாக்கு. ஜாக்கி வைக்கும்போது கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

பிரேக் மிதித்தேன். மிதி அப்படியே தரையைத் தொட்டது. ஆயில் சொட்டுக்கூட இல்லை. ஹேண்ட் பிரேக் கம்பி அறுந்து தொங்குகிறது.

"பிரேக் வேலையும் சேத்துப் பாத்துரலாங்களா?" என்றேன்.

"அது எதுக்குங்க? ஷெட்ட விட்டு எங்க போகப் போறாங்க? உக்காந்து கியர் போட்டுப் பாப்பாங்க, அவ்ளோதான். கியர் மட்டும் லேசா விழணும். அவங்க கையில பலம் இல்ல."

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

அடியில் படுத்து இரண்டு காதையும் ஸ்குரூ டிரைவரால் நெம்பி நேராக்கினேன். பெட்டி விடுபட்டு நியூட்ரலுக்கு வந்தது. வண்டி ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்து கட்டையில் முட்டி நின்றது. உடனே கையாலேயே காதைத் தள்ளி முதல் கியரில் போட்டேன். கியரில் கிடந்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும், உருளாது. இனி வேலை முடித்துப் போகும்போதெல்லாம் முதல் கியரில் விட்டுப் போக வேண்டும்.

படுத்திருக்கும்போது இரண்டு பாதங்கள் தெரிந்தன. சுத்தமான, நரம்பு புடைத்த பாதங்கள்.

"யாருய்யா அடியில?"

"மெக்கானிக்குங்கம்மா."

"ரெண்டாவது சிக்கும். கோல லேசா மேல தூக்கிட்டுத் தள்ளணும். முரட்டுத்தனமா இழுக்காத."

வெளியே வந்து கும்பிட்டேன். வெள்ளைப் புடவை, கழுத்தில் மப்ளர். என் முகத்தைப் பார்த்து யாரையோ தேடினார்கள். கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"டவுனுக்கு மூட்டை போகணும். எப்பக் குடுப்ப?"

பின்னால் வெள்ளச்சி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அம்மாவைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, கூடப் படுப்பது எல்லாம் வெள்ளச்சிதான். பதினைந்து வருடமாக இருக்கிறாள்.

கழற்றியது: ஸ்டியரிங் வீல், ஹார்ன் வயர், கோல், கோலின் பின், சுருள் கம்பி, மேல் புஷ்.

நவம்பர் 9, சனி

சேலம் போய் லேத் பட்டறையில் கடைந்து தரக் கொடுத்தேன். அடிப்புஷ் பித்தளையில், ராடு முனைக்கு நாலு சின்னப் புஷ் நைலானில். பழையதைப் பார்த்த லேத்காரர், "இது புஷ்ஷா, பிஸ்கட்டா?" என்றார். கையில் பொடிந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

வீட்டில் சாப்பிடும்போது மனைவி சகாயமேரி கேட்டாள், "பிரேக் இல்லாம வண்டிய ரெடி பண்ணிக் குடுப்பீங்களா?"

"ஓட்டுறதுக்கு இல்ல. உக்காந்து பாக்க."

"உக்காந்து பாக்கறதுக்கு கியர் எதுக்கு விழணும்?"

அவளுக்குத் தொழில் புரியாது. சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

புஷ்கள் வந்தன. குழாயை மண்ணெண்ணெயில் கழுவி, தண்டில் செருகி, அடிப்புஷ்ஷைத் தட்டி ஏற்றினேன். கச்சிதம். மயிரிழை ஆட்டம்கூட இல்லை. லேத்காரர் கையைக் கும்பிட வேண்டும்.

மதியம் கிருபாகரன் புது பேட்டரி கொண்டுவந்து வைத்தார். பெட்ரோல் கேன் மூன்று. டேங்க் நிறைய ஊற்றச் சொன்னார். உட்கார்ந்து பார்ப்பதற்கு டேங்க் நிறைய எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஊற்றினேன்.

நவம்பர் 18, திங்கள்

மழை. ஷெட்டில் உட்கார்ந்து ராடுகளுக்குத் துரு தேய்த்தேன். வெள்ளச்சி டீ கொண்டுவந்தாள். உடனே போகாமல் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? கெணத்து மேல போட்டிருந்த கம்பி வலை இருக்குதில்ல, அத போன மாசம் கிருபாகரன் சார் எடுத்துட்டாரு. தூர் வாரணும்னாரு. ஆளும் வரல, தூரும் வாரல. வலையும் திரும்பப் போடல. நான்தான் தெனம் பொழுதோட ரெண்டு மரத் தொட்டியக் கவுத்து கெணத்தடி வாசல அடச்சு வெக்கறேன்."

"மறந்திருப்பாரு."

"அம்மா காலைல எங்க போகும்னு அவருக்குத் தெரியும்ண்ணே. முன்னல்லாம் எந்திரிச்சதும் கெணத்தடிக்குத்தான் போகும். இப்பத்தான் ஷெட்டுக்குப் போகுது."

டீ ஆறிவிட்டது. நான் துரு தேய்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பதில் எதிர்பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

நவம்பர் 20, புதன்

இன்று வேலைக்குப் போகவில்லை. இடுப்பு வலி.

நவம்பர் 22, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிருபாகரன் தோளில் கைபோட்டுப் பேசினார். பக்கத்தில் பஞ்சாயத்து கிளார்க்கும் ரெண்டு மூன்று பேரும் இருந்தார்கள்.

"அண்ணனக் கேளுங்க. பெரியம்மா என்ன பாடு படுத்தறாங்கன்னு. வண்டிய நானே ஓட்டுவேன், நானே ஓட்டுவேன்னு ஒரே அடம். சாவிய ஒளிச்சு வெச்சாலும் எப்படியோ எடுத்துக்கறாங்க. இல்லீங்களாண்ணே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா அப்படி அடம்பிடித்து நான் பார்த்ததில்லை. வண்டிக்குச் சாவியே இல்லாமல், நேற்றுதான் புதுச் சாவி செய்யக் கொடுத்திருக்கிறோம்.

"ஆமாங்க" என்றேன்.

கிளார்க், "வயசானா குழந்தைதான், சார். பாத்துக்கங்க" என்றார்.

"எந்நேரமும் கூடவே இருக்க முடியுங்களா?" என்று கிருபாகரன் பெருமூச்சு விட்டார். டீயை மிச்சம் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

ராடுகளை மாட்டினேன். இரண்டு காதையும் நேர்கோட்டில் நிறுத்தி, துளையில் ஒரு கம்பியைச் செருகி அசையாமல் பிடித்து, ராடு நீளத்தை மரையில் சரி செய்ய வேண்டும். அரை சுற்று கூடினாலும் இரண்டாவது சிக்கும். நாலு தடவை கழற்றி மாட்டினேன். ஐந்தாவது தடவை கோலை இரண்டு விரலால் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. முதல், இரண்டு, மூன்று, ரிவர்ஸ். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடத் தொழிலில் இவ்வளவு சுத்தமான வேலை செய்ததாக ஞாபகம் இல்லை. ராடு காதிலிருந்து கழன்றுவிடாமல் முனைகளில் புது ஸ்ப்ளிட் பின் போட்டு மடக்கினேன்.

கிருபாகரன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரியாது.

"கட்டைய எடுத்தா வண்டி நகந்துருமாண்ணே?"

"நியூட்ரல்ல இருந்தா நகந்துரும். நான் முதல் கியர்ல விட்டுட்டுத்தான் போறேன். கியர்ல கெடந்தா கட்டையே வேண்டாம், நிக்கும்."

"அப்ப கிளட்ச்ச மிதிச்சா?"

"மிதிச்சா விட்டுரும்."

தலையாட்டினார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க ஒர்க்ஷாப் எடம் இருக்குதுல்ல, அத உங்க பேருக்கே எழுதிரலாம்ண்ணே. எல்லாம் என் கைக்கு வரட்டும். மொத வேலையா அதத்தான் செய்யப் போறேன்."

நான் நன்றி சொன்னேன். வாயில் வந்துவிட்டது.

நவம்பர் 27, புதன்

அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தோம். வெள்ளச்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கிருபாகரன் வாசலில் நின்று போனில் படம் எடுத்தார்.

ஏறி உட்கார்ந்ததும் அம்மா வேறு ஆளாகிவிட்டார்கள். முதுகு நிமிர்ந்தது. கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார்கள். இடது கால் கிளட்சை அழுத்தியது. வண்டி கட்டையில் லேசாக முட்டியது. கோல் கைக்கு வந்து விழுந்தது. "அடடே" என்று சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை எதிர்பார்க்கவில்லை.

"நல்லா பண்ணியிருக்க. எந்த ஊரு நீ?"

"இங்கதாங்கம்மா. ரோட்டுல ஒர்க்ஷாப் வெச்சிருக்கேன். உங்க எடந்தான்."

"ம். பிரேக் பாத்துட்டியா?"

கிருபாகரனைப் பார்த்தேன். அவர் போனை இறக்கவில்லை.

"சொல்லுய்யா. பதினெட்டு வயசுலருந்து இந்த மலையில எறக்கி ஏத்தியிருக்கேன். மூட்டைய ஏத்திக்கிட்டு இருபது கொண்டை ஊசி. கியர் கெட்டா ஊர் போய்ச் சேரலாம். பிரேக் கெட்டா முடியாது. பாத்துட்டியா?"

"பாத்துட்டேங்கம்மா" என்றேன்.

நவம்பர் 28, வியாழன்

சொன்னதை எழுதிவிட்டேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 29, வெள்ளி

எஸ்டேட் பாதை கேட்டைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பெயின்ட் அடிக்க என்றார்கள். பெயின்ட் டப்பா எதையும் காணோம்.

வெள்ளச்சிக்கு நாளை மத்தியானம் முதல் லீவு. தங்கச்சி மகளுக்குக் காது குத்து. ஒரு மாதமாகக் கேட்டும் விடாத கிருபாகரன், நேற்று அவராகவே கூப்பிட்டு, "போயிட்டு திங்கக்கிழமை வா" என்று சேலை வேறு எடுத்துக் கொடுத்திருக்கிறார். வெள்ளச்சி என்னிடம், "நீங்க ஞாயித்துக்கெழம காலைல இந்தப் பக்கம் வருவீங்களாண்ணே?" என்றாள்.

"பூசைக்குப் போகணும்" என்றேன்.

நவம்பர் 30, சனி

வெள்ளச்சி கிளம்பிப்போன பிறகு ஷெட்டுக்குப் போனேன். கடைசியாகக் கிரீஸ் வைக்க வேண்டும் என்று கிருபாகரனிடம் சொன்னேன். அவர் உள்ளே யாருடனோ போனில் இருந்தார்.

வண்டிக்கு அடியில் படுத்தேன். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு ராடிலும் ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி உருவினேன். ராடுகளைக் காதிலிருந்து கழற்றித் தொங்கவிட்டேன். இனிமேல் கோலை எப்படி அசைத்தாலும் அது பாட்டுக்கு அசையும். பெட்டியில் ஒரு கியரும் விழாது. என்ஜின் ஓடும், வண்டி போகாது. அம்மா உட்கார்ந்து பார்க்கலாம்.

கட்டைகள் இரண்டும் இடத்தில் இருக்கின்றன. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பின்கள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. மனது லேசாக இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஆறரை மணிப் பூசை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. கட்டையை எடுத்தால் வண்டி கியரில் நிற்கும் என்று கிருபாகரனிடம் சொன்னது நான். இப்போது அது கியரில் இல்லை.

சகாயமேரியிடம்கூடச் சொல்லாமல் எழுந்து ஸ்கூட்டரை எடுத்தேன். மழைத் தூறல், பாதை முழுக்கச் சேறு.

ஷெட் காலியாக இருந்தது. வண்டி கேட் இருந்த இடத்தைத் தாண்டி, வளைவில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டி, ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்க நின்றிருந்தது. ஷெட் வாசலில் கிருபாகரன் கிடந்தார். வலது தொடை இருக்க வேண்டிய மாதிரி இல்லை. ஒரு கட்டை ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொன்று அவர் கைக்குப் பக்கத்தில்.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இந்திராணி அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மப்ளரைத் தொடைக்கு மேலே சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, அந்தக் குச்சியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். வெள்ளைப் புடவை இடுப்பு வரை சிவப்பு.

"யாரோ பையன் அடிபட்டுக் கெடக்கான். பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். நீ வண்டிய எடுத்துட்டு வா, நான் ஓட்டறேன். சேலத்துக்குக் கொண்டுபோயிரலாம்."

"அம்மா, வண்டி..."

"நின்னுக்கிட்டுப் பேசாத. ஓடு."

எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன். ஒரு ஜீப்பில் ஏற்றினோம். குச்சியை என் கையில் கொடுக்கும்வரை அம்மா பிடியைத் தளர்த்தவில்லை. ஏற்றும்போது கிருபாகரன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

டிசம்பர் 2, திங்கள்

உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட ஆள் யார் என்று டாக்டர் கேட்டாராம். அது இல்லாவிட்டால் மலை இறங்குவதற்குள் போயிருப்பார் என்றாராம்.

போலீஸ் வந்து வண்டியைப் பார்த்தது. மேலே இழுத்து ஷெட்டில் விடச் சொல்லி என்னிடமே ஒப்படைத்தார்கள். நாலு ஆட்களும் ஒரு டிராக்டரும் வைத்து ஏற்றினோம். ஆட்கள் டீ குடிக்கப் போனபோது அடியில் படுத்து ராடுகளை மாட்டி, பின்களைப் போட்டு மடக்கினேன். முதல் கியரில் விட்டேன்.

வெள்ளச்சி வந்துவிட்டாள். என்னிடம் பேசவில்லை.

டிசம்பர் 4, புதன்

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். வண்டியை முதல் கியரில்தான் விட்டிருந்தேன் என்றும், பழைய வண்டி என்பதால் கியர் தானாக நழுவியிருக்கலாம் என்றும். விபத்து என்று முடிப்பார்கள் போலிருக்கிறது. எஸ்.ஐ. தமயந்தி என்ற பெண். சின்ன வயது. எழுதியதை இரண்டு தடவை படித்தார்.

"ஒரு மாசமா கியருக்கு மட்டும் வேல பாத்திருக்கீங்க."

"இருபத்தஞ்சு நாளுங்க."

"அப்படி வேல பாத்த கியரு தானா நழுவுமா?"

"நழுவலாங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். சகாயமேரி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தனியாகப் போனாள்.

டிசம்பர் 14, சனி

கிருபாகரன் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சேலத்தில் தனியார் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி. நர்சை வெளியே போகச் சொன்னார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"உக்காருங்கண்ணே. கியர்ல இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்தீங்களாமே."

"ஆமாங்க."

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? வண்டி மேல ஏறினப்ப நான் அடியில கெடந்தேன். ரெண்டு ராடும் தொங்குச்சு. என் மூஞ்சிக்கு நேரா. ஆடிட்டே போச்சு."

நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ராடு ஏன் தொங்குச்சுன்னு நான் கேக்க மாட்டேன். கட்டைய ஏன் எடுத்தேன்னு நீங்களும் கேக்காதீங்க. ரெண்டு பேருக்கும் நல்லது."

"உங்க உசுர அம்மாதான் காப்பாத்துனாங்க. அந்தக் கட்டு..."

"தெரியும்." ஜன்னலைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ வந்தது, போய்விட்டது. "என்னை யாருன்னே தெரியாமப் பண்ணினாங்க. தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பாங்களோ என்னமோ."

கிளம்ப எழுந்தேன்.

"வர்ற மாசம் வீட்டுக்கு வந்துருவேன். வண்டிய மறுபடியும் பாத்து ரெடி பண்ணி வெச்சிருங்க. அது இல்லாம பெரியம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது." சிரித்தார். "வெள்ளச்சிய நிறுத்தறதா இருக்கேன். வயசாயிருச்சு அவளுக்கும்."

படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

சகாயமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நாளைக்கு நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

டிசம்பர் 16, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போய் எஸ்.ஐ. தமயந்தியைப் பார்க்க வேண்டும் என்றேன். பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். எழுந்து போய்விட எல்லா வசதியும் இருந்தது.

"அன்னைக்கு எழுதிக் குடுத்தது பொய்யிங்க" என்று ஆரம்பித்தேன். பிரேக், டேங்க், சாவி, டீக்கடைப் பேச்சு, கிணற்று வலை, கேட், வெள்ளச்சிக்குக் கொடுத்த லீவு, ஆஸ்பத்திரியில் பேசியது, எல்லாம் சொன்னேன். ஸ்ப்ளிட் பின்னையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆக, அந்தம்மா வண்டிய எடுத்துறக் கூடாதுன்னு பின்ன உருவினீங்க."

"ஆமாங்க."

"கட்டைய அவர் எடுப்பாரு, எடுத்தா வண்டி உருளும்னு எப்பத் தெரிஞ்சது?"

"மறுநாள் கோயில்ல..."

நிறுத்திவிட்டேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள், பிடிக்கவே இல்லை.

"இல்லீங்க. சனிக்கிழமையே தெரியும். அடியில படுத்திருக்கப்பவே தெரியும். அவர்தான் எடுக்கணும், வேற யாரும் அந்த வீட்டுல இல்லன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேதான் ரெண்டாவது பின்ன உருவினேன்."

இந்த டைரியில் நான் அப்படி எழுதவில்லை. மனது லேசாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். பூசையில்தான் உறைத்தது என்று எழுதியிருக்கிறேன். எழுதி எழுதி அப்படித்தான் நடந்தது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

"பிரேக்க சரி பண்ணியிருக்கலாமே" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இல்லன்னா அன்னைக்கே இங்க வந்திருக்கலாம்."

"ஆமாங்க."

"இதுல ரெண்டு கேஸ் இருக்கு. தெரியுதா?"

"என்னோடத மொதல்ல எழுதுங்க. அப்பத்தான் மத்தத நம்புவாங்க."

மத்தியானமே அவர் இரண்டு போலீசுடன் பங்களாவுக்குப் போனார். கிணற்றடியில் கவிழ்த்திருந்த மரத் தொட்டிகளைப் போட்டோ எடுத்தார்களாம். அம்மாவின் தங்கை ஆத்தூரில் இருக்கிறார் என்று வெள்ளச்சி நம்பர் கொடுத்திருக்கிறாள். அவர் மகனோடு சாயங்காலமே வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வெள்ளச்சியும் கூடவே போகிறாள். போகிற வழியில் காரை நிறுத்தி ஒர்க்ஷாப் வாசலில் இறங்கினாள். ஒரு நிமிடம் நின்றாள். "வர்றேண்ணே" என்று மட்டும் சொன்னாள். அம்மா பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்கள்.

டிசம்பர் 17, செவ்வாய்

காலையில் எஸ்டேட் மேனேஜர் வந்து ஒர்க்ஷாப்புக்குப் பூட்டுப் போட்டார். ஸ்பேனர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார். ஸ்டேஷனில் கூப்பிட்டுக் கைரேகை எடுத்தார்கள். நாளை மாஜிஸ்திரேட் முன்னால் ஆஜராக வேண்டும். கிருபாகரனின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளை உட்கார வைத்திருக்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் சகாயமேரி.

"கேஸ் முடியற வரைக்கும் ஊர விட்டுப் போகக்கூடாதுன்னாங்க."

"நாம எங்க போகப் போறோம்" என்று சொல்லிவிட்டு அரிசி களைய உட்கார்ந்தாள்.